அப்பா நினைவாக ஆசிரியர் விருது: மூன்று லட்சத்தை எப்படிச் செலவழிப்பது?

கேள்வி: "செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். அப்பா அரசுப் பள்ளியில் படித்தவர். அவர் நினைவாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கி, சேலம் மாவட்டத்திலும் ஏற்காட்டு மலையிலும் புதுமையாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் விருது கொடுக்க நினைக்கிறோம். விண்ணப்பப் படிவம் எப்படி இருக்க வேண்டும்? எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்? விழாவை எந்த மண்டபத்தில் வைக்கலாம்?"

முதலில் அந்தப் படிவத்தை மறந்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் 31 வருடம் ஆசிரியர் வேலை பார்த்தவன், கடைசி 9 வருடம் தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சேவை அமைப்பு கொடுக்கும் விருதுக்குத் தேர்வுக் குழுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை நாற்பது ஃபைல் வந்தது. வண்ணப் புகைப்படம், செய்தித்தாள் நறுக்கு, வாங்கிய சான்றிதழ்களின் நகல் எல்லாம் வைத்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஃபைல்கள். ஒவ்வொன்றும் கல்யாண ஆல்பம் கனத்தில் இருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? கனமான ஃபைலுக்குக் கொடுத்தோம். வாங்கியவர் மோசமான ஆசிரியர் இல்லை. ஆனால் அந்த ஃபைலைத் தயாரிக்க அவருக்கு நேரம் இருந்தது என்பதைத் தவிர எங்களுக்கு உறுதியாக எதுவும் தெரியாது.

அதே வருடம் வேறு வேலையாக ஏற்காட்டுக்கு மேலே ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஈராசிரியர் பள்ளி. அன்று இன்னொருவர் பயிற்சிக்குப் போய்விட்டதால் ஐந்து வகுப்பும் ஒரே டீச்சரிடம். அறையின் ஒரு மூலையில் பாய் விரித்து மூன்று சின்னக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. என்ன இது என்று கேட்டேன். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளை வீட்டில் நின்றுவிடும். "நவம்பர் வந்தா பாதி கிளாஸ் காலியாயிடும் சார். அதான், தூக்கிட்டே வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். பெற்றோருடன் வேறு ஊர் எஸ்டேட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு துணிப்பை. அதில் அவரே எழுதிய வாசிப்பு அட்டைகள், கணக்கு அட்டைகள். திரும்பி வந்ததும் எந்த அட்டை வரை முடித்தார்கள் என்று ஒரு பழைய நோட்டில் குறித்து வைத்திருந்தார்.

விருதுக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். சிரித்தார். "எனக்கு எதுக்கு சார் விருது. மேல பனியில அட்டையெல்லாம் ஊறிப் பூஞ்சை புடிச்சுடுது. ஒரு லேமினேஷன் மெஷின் கெடைச்சாப் போதும்."

நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்த மெஷினில் அடங்கிவிடும். விருது வேறு, மானியம் வேறு. விருது செய்து முடித்த வேலைக்கு, மானியம் அடுத்துச் செய்யப்போகும் வேலைக்கு. நம் ஊரில் முதலாவது நிறையவே இருக்கிறது. இரண்டாவதுதான் கிடைப்பதில்லை. இரண்டுக்குமே ஆளைத் தேடிப் போக வேண்டும், படிவம் போட்டுக் கூப்பிடக் கூடாது.

ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் 3 லட்சம் எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகும். தேசிய நல்லாசிரியர் விருது 1958-ல் தொடங்கியது. முன்பு ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் வாங்குவார்கள். 2018-ல் முறையை மாற்றி, 50-க்குள் சுருக்கினார்கள். அதுவரை மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், அதன் பிறகு ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழு, மாநிலக் குழு, கடைசியில் தேசிய நடுவர் குழு என்று மூன்று படி ஏற வேண்டும். 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், குடியரசுத் தலைவர் கையால். மதிப்பெண்ணில் பெரும்பகுதி ஆசிரியரின் செயல்பாட்டுக்கு, மீதி மற்றவற்றுக்கு. காகிதத்தில் பார்த்தால் நியாயமான கணக்குதான். ஆனால் அந்தப் பெரும்பகுதியையும் ஆசிரியர் ஏற்றும் படத்தையும் வீடியோவையும் வைத்தே பெரும்பாலும் போட முடியும். மறுபடி ஃபைல்தான், ஸ்பைரல் பைண்டிங் மட்டும் இல்லை.

மாநில அரசு கொடுப்பது டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது. நாம் நல்லாசிரியர் விருது என்று சொல்வது இதைத்தான். 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், செப்டம்பர் 5. அண்மை ஆண்டுகளில் 380 பேருக்கு மேல் வாங்குகிறார்கள். அப்புறம் 'கனவு ஆசிரியர்'. இது முதலில் மாவட்டத்துக்கு ஆறு பேர், 10,000 ரூபாய் என்று இருந்தது. 2023-ல் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் முறைக்கு மாறியது. படிப்படியாகத் தேர்வு வைத்து 380 பேரை எடுத்தார்கள், அவர்களில் 55 பேரை 2024-ல் பிரான்சுக்குக் கல்விச் சுற்றுலா அனுப்பினார்கள். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருந்தது. சிபாரிசுக்கு இடம் குறைவு, பரிசும் சட்டம் போட்டு மாட்டுகிற பொருள் இல்லை. வேறு பள்ளிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வரும் ஆசிரியர் சும்மா இருக்க மாட்டார்.

தலைமை ஆசிரியர்களுக்கு அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருது, பள்ளிகளுக்குப் பேராசிரியர் அன்பழகன் விருது. தலைமைத்துவ விருதில் பள்ளி வளர்ச்சிக்கென்று 10 லட்சம் ரூபாய் தருகிறார்கள். விருதோடு பள்ளிக்கும் நிதி சேர்ந்து வருவது நல்ல ஏற்பாடு. தனியாரில் ரோட்டரி சங்கங்கள் தரும் 'நேஷன் பில்டர்' விருது நம் ஊரிலும் பலர் வாங்கியதுதான்.

ஆக, பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. நீங்கள் இன்னொரு கேடயம் கொடுத்தால், ஏற்கெனவே ஐந்து வைத்திருப்பவர் ஆறாவதாக அதை அடுக்கி வைப்பார். அவ்வளவுதான்.

பள்ளிக்கு வரும் பணத்தைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை இருந்தால் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கும் மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. மலை மேல் இருக்கும் பள்ளிகளில் பலவற்றில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு, எனவே தொகையும் குறைவு. சாக்பீஸ், துடைப்பம், பினாயில், பதிவேடு, குழாய் ரிப்பேர், மின்சாமான் என்று போனால் ஜனவரிக்குள் தீர்ந்துவிடும். ஒரு ஆசிரியருக்கு நல்ல யோசனை வந்து, அதைச் சோதித்துப் பார்க்க 8,000 ரூபாய் வேண்டும் என்றால் கேட்பதற்கு இடமே கிடையாது. சொந்தக் காசு போடுவார். நம் மாவட்டத்தில் அப்படிப் போடாத நல்ல ஆசிரியரை நான் பார்த்ததில்லை. உங்கள் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்.

பெரிய தொகை மானியங்களும் இல்லாமல் இல்லை. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு 20 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் அதற்கு இடமும் கணிசமான பிள்ளைகள் எண்ணிக்கையும் வேண்டும், கணக்கு எழுதவும் ஆள் வேண்டும். ஈராசிரியர் பள்ளிக்கு அது எட்டாது. 2022 டிசம்பரில் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' மூலமாகக் கட்டடம், கழிவறை, கணினி மாதிரியான தேவைக்குப் பணம் போடலாம். நீங்கள் கொடுக்க நினைப்பது வகுப்பறை வேண்டும் என்று கேட்கிறவருக்கு இல்லை, வகுப்பறைக்குள் ஏதோ செய்து பார்க்கிறவருக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மூன்று லட்சமும் ஒரு சுற்றுச்சுவரில் கரைந்துவிடும்.

பணம் கொடுத்தால் உண்மையிலேயே படிப்பு முன்னேறுமா என்று கேட்டால், அதற்கு ஆராய்ச்சி இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமப் பள்ளிகளில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு ஏற்ப ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகை கொடுத்த பள்ளிகளில், கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் தெளிவாகக் கூடியது. ஊக்கத்தொகை சேராத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூடக் கொஞ்சம் கூடியது. உங்களுக்கு அதைவிட முக்கியமானது முரளிதரன் பிற்பாடு வேறு சிலரோடு சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு. பள்ளிக்கு மானியம் கொடுத்த முதல் வருடம் பலன் தெரிந்தது, இரண்டாம் வருடம் தெரியவில்லை. காரணம் எளிது. பள்ளியில் நோட்டும் பென்சிலும் கிடைக்கும் என்று தெரிந்ததும் பெற்றோர் தாங்கள் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். எனவே நோட்டு, பென்சில், பை, சீருடை என்று பெற்றோர் எப்படியும் வாங்கிவிடும் பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். எந்தப் பெற்றோரும் வாங்க முடியாத, வாங்க நினைக்காத பொருளுக்குக் கொடுங்கள். லேமினேஷன் மெஷின் அந்த வகை. ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பாட்டிகள் சொல்லும் கதைகளைப் பிள்ளைகளே எழுதிப் படம் வரைந்து அச்சடித்த வாசிப்புப் புத்தகமும் அந்த வகைதான்.

சரி, ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறாம் வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள். முப்பது வருட அனுபவத்தில் நான் கண்ட சிறந்த குறுக்குவழி இது. நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளிக்குச் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். ஜூன் மாதம் முதல் வாரம் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் போதும், யார் எந்தப் பள்ளி என்று எங்கள் தமிழாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "இந்தப் பிள்ளைங்க சந்தேகம் கேக்குதுங்க சார், அந்த ஸ்கூலாத்தான் இருக்கும்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு வாழ்நாளில் ஒரு விருதும் வந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பிள்ளை போய்விடுகிறதே, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் அவர் பெயர் எங்கே வரும்?

அடுத்து வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்கள். ஒன்றியத்தில் எல்லாப் பள்ளிக்கும் போய் வருகிறவர்கள். உத்தமசோழபுரத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலும் விசாரியுங்கள். "நல்ல ஆசிரியர் யார்?" என்று கேட்டால் தெரிந்தவர் பெயரைச் சொல்வார்கள். "யாருடைய வகுப்பில் உட்கார்ந்து நீங்கள் ஏதாவது கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள், வேறு பெயர் வரும். சத்துணவு அமைப்பாளர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள், அந்த ஊர் டீக்கடை, மலைக்குப் போகும் பஸ் நடத்துநர் எல்லாரிடமும் கேளுங்கள். நடத்துநருக்கு எந்த டீச்சர் முதல் பஸ்ஸில் வருகிறார் என்று தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து நாகலூருக்கோ மாரமங்கலத்துக்கோ அடுத்த வண்டி பிடித்து ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்வது சும்மா இல்லை.

இப்படிப் பத்துப் பெயர் திரட்டிக்கொண்டு பள்ளிக்கே போய்ப் பாருங்கள். வெளியாள் வகுப்பறைக்குள் நேராக நுழைய முடியாது, நுழையவும் கூடாது. முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். என்றைக்கு எந்தப் பள்ளி என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் வாசலில் கோலமும் கையில் பூங்கொத்துமாக வரவேற்பு இருக்கும், வகுப்பு இருக்காது. போனால் அரை நாள் உட்காருங்கள். பின் பெஞ்சுப் பிள்ளையிடம் டீச்சர் எத்தனை தடவை போகிறார் என்று எண்ணுங்கள். ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். புதுமை என்றதும் நம்மாட்களுக்குத் திரை, செயலி, ரோபோ என்றுதான் ஓடுகிறது. மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே 2020-ல் உலக ஆசிரியர் பரிசை வாங்கினார். பரிசு பத்து லட்சம் டாலர். அவர் செய்தவற்றில் பெயர் பெற்றது பாடப் புத்தகத்தில் கியூஆர் குறியீடு ஒட்டியது. அந்த ஸ்டிக்கருக்கு என்ன பெரிய செலவு? அதன் பின்னால் பிள்ளைகளின் மொழியில் பாடத்தைத் திருப்பி எழுதிய உழைப்புதான் பெரிது. இன்னொன்று, பரிசில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தனக்குப் பிறகும் இந்த வேலை ஓட வேண்டும் என்று நினைப்பவரின் குணம் அது. பத்துப் பெயரில் அந்தக் குணம் உள்ளவரைத் தேடுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் தன்னைப் பார்த்துக் காப்பியடித்தால் சந்தோஷப்படுகிறாரா என்று பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துவிடும்.

தலைமை ஆசிரியரைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சிரமம். நல்ல ஹெச்.எம்.மின் வேலை கண்ணில் படாது, பட்டால்தான் சந்தேகம். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் போய்ப் பாருங்கள். பள்ளி அதே மாதிரி நடந்தால் அவர் ஆள். பொதுமாறுதல் கலந்தாய்வில் எத்தனை ஆசிரியர் அந்தப் பள்ளியை விட்டு ஓடுகிறார்கள், எத்தனை பேர் இடம் கிடைத்தும் போகாமல் நிற்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெண் பிள்ளைகள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? எனக்கு இதெல்லாம் தேர்ச்சி விகிதத்தைவிடப் பெரிய சாட்சி. பல இடங்களில் முழுநேர ஹெச்.எம்.மே இல்லாமல், பொறுப்பு ஹெச்.எம். வகுப்பும் எடுத்துக்கொண்டு எமிஸ் என்கிற கல்வித் துறை இணையப் பதிவும் போட்டுக்கொண்டு ஓடுகிறார். அவரையும் கணக்கில் சேருங்கள்.

அரசு விருதுகளுக்குள் வராத ஆட்கள் இருக்கிறார்கள். தேசிய விருதுக்கு ஒப்பந்த ஆசிரியர்கள் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினிக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். அவர்களில் சிலர் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் வாயடைத்துப்போவீர்கள். உங்களுக்கு எந்த அரசாணையும் தடை இல்லை, அவர்களுக்கும் கொடுக்கலாம். ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளுக்கும் தனி ஒதுக்கீடு வையுங்கள். மாவட்டத்தில் இருபது ஒன்றியம். சேலம் நகரத்து அஸ்தம்பட்டியில் 400 பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் மலையில் 22 பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் ஒரே தராசில் வைத்தால் மலை எப்போதும் தோற்கும்.

பணக் கணக்குக்கு வருவோம். நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். 20,000 ரூபாய் வீதம் எட்டு ஆசிரியர்களின் முயற்சிக்கு மானியம், அது 1,60,000. ஒரு தலைமை ஆசிரியரின் பள்ளிக்கு 50,000. அனுபவமுள்ள இரண்டு ஆசிரியர்களுக்கு 25,000 வீதம் விருது, இது அவர்கள் கைக்கு, என்ன செலவு என்று கேட்கக் கூடாது. தேடி அலைவதற்கான வண்டிச் செலவு 30,000. மீதி 10,000-ல் விழா. விழாவுக்கு இவ்வளவு குறைவா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள்.

மானியத்துக்குக் கணக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கேட்காதீர்கள். என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது, எவ்வளவு செலவானது, அவ்வளவு போதும். "சரியா வரல" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அடுத்த வருடமும் அவருக்கே கொடுங்கள். தோற்றதை ஒளிக்காமல் சொல்லும் ஆசிரியர் கிடைப்பது அபூர்வம். ஆனால் ஏற்கெனவே விருது வாங்கியவருக்கு மறுபடி விருது வேண்டாம். அவரைத் தேர்வுக் குழுவுக்கு இழுத்துவிடுங்கள்.

நடைமுறையில் இரண்டு சிக்கல். அரசு ஆசிரியர்களுக்கு 1973-ம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உண்டு. தனியாரிடம் ரொக்கமோ பரிசோ வாங்குவதானாலும் தன்னைப் பாராட்டும் கூட்டத்தில் உட்காருவதானாலும் துறை அனுமதி வாங்கிவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. அந்தக் கடிதத்தை அவர் தலையில் கட்டாமல் நீங்களே எழுதி வாங்கிக் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு தனியார் விருது வாங்கிவிட்டு, முன்னனுமதி ஏன் வாங்கவில்லை என்று விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார், பாவம். மானியப் பணத்தை ஆசிரியர் கையில் கொடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அதன் வழியாகக் கொடுத்தால், பெற்றோருக்கும் தெரியும், பிற்பாடு பேச்சு வராது.

விழா மண்டபத்தில் வேண்டாம். செப்டம்பர் 5-ம் வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் எங்கோ ஒரு மேடையில் இருப்பார்கள். ஜூன், ஜூலையில் தேடத் தொடங்கி, காப்பிப் பறிப்புக்கு முன்பாக, அக்டோபரில் அந்தந்தப் பள்ளிக்கே போய்க் கொடுங்கள். பிள்ளைகளும் பெற்றோரும் முன்னால் உட்கார்ந்திருக்க, என்ன வேலைக்காகக் கொடுக்கிறீர்கள் என்று இரண்டு நிமிடம் விவரமாகச் சொல்லுங்கள். "சிறந்த சேவையைப் பாராட்டி" என்று அச்சடித்த வாசகம் யாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் பொருந்தாது. "மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வராத 14 நாளும் வீடு தேடிப் போனதற்காக" என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சட்டத்தைப் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

படிவம் இல்லாமல் எப்படி என்று இன்னும் மனசு கேட்கவில்லை என்றால், முதல் வருடம் ஏற்காடு ஒன்றியத்தில் மட்டும் செய்து பாருங்கள். செம்மநத்தம், வெள்ளக்கடைப் பக்கம் போவதானால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். கார் வேண்டாம், காலை முதல் பஸ்ஸிலேயே போகலாம். நடத்துநரிடம் பேச வேண்டியிருக்கிறது.